கிடாரம் ஏத்தின வோன்வாகன்

ஒரு சுவிஸ்காரன் வோன்வாகன் வாங்கினா அவனுக்குப் பென்சன் வருகுது எண்டு அர்த்தம். ஒரு தமிழன் வாங்கினா அவனை மனுசி வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டா எண்டு அர்த்தம். ஓஸ்டர்முண்டிகனிலை எங்கடை புளொக்குக்கு முன்னாலை அந்தச் சில்லுப் பூட்டின வெள்ளை வீட்டுப் பெட்டியைக் காருக்குப் பின்னாலை கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிப்பாட்டின அண்டைக்கு, மேல்மாடியிலை இருக்கிற எங்கடை ஆள் ஒருத்தர் பல்கனியாலை எட்டிப்பாத்து, "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ தம்பி?" எண்டு மெதுவாக் கேட்டவர்.

அவரிலை பிழை இல்லை. எங்கடை சனத்துக்கு விடுமுறை எண்டா பாரிசிலை சொந்தக்காரர் வீட்டுச் சோபா. கொஞ்சம் வசதி கூடினா லண்டனிலை சோபா. இன்னும் கூடினா கனடாவிலை சோபா. நாடுதான் மாறும், நாரிப்பிடிப்பு மாறாது. இதுக்குள்ளை ஒருத்தன் தன்ரை கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையிலை படுக்கப்போறன் எண்டா, அவனுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை எண்டுதானே சனம் நினைக்கும்.

அதோடை நான் வாங்கினது சாதாரண வோன்வாகனும் இல்லை. முன் பாதி வீடு: ஒரு கட்டில், சின்ன அடுப்பு, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளடவேண்டிய ஒரு கக்கூஸ். பின் பாதி கராஜ். பின்சுவர் முழுக்க ஒரே கதவு. கொளுக்கியைக் கழட்டினா அது அப்பிடியே நிலத்துக்கு இறங்கி, சாமான் உருட்டி ஏத்திற பாலமா நிக்கும். எமெண்டால் பக்கத்திலை ஒரு கிழவர் அதிலை தன்ரை நாலுசில்லு மோட்டச்சைக்கிளை ஏத்திக்கொண்டு மலை மலையாத் திரிஞ்சிருக்கிறார். முழங்கால் பிழைச்சதோடை விக்கப் போட்டிட்டார்.

அந்தக் கராஜுக்காகத்தான் வாங்கினது. காரணம் என்ரை மகள். முதியோர் இல்லத்திலை லேறே செய்யிறவள், அதாவது படிச்சுக்கொண்டே வேலை. கிழமை நாளிலை வயதுபோனவையைக் குளிக்க வாத்து, மருந்து குடுத்து, தலை இழுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையிலை மோட்டச்சைக்கிளிலை மண்மேட்டுக்கு மேலாலை பறப்பாள். மோட்டோகுரொஸ் எண்டு சொல்லுறது. சைக்கிளைத் தன்ரை சம்பளத்திலைதான் வாங்கினவள். நான் வாங்கிக் குடுத்தது முழங்கால் கவசம் மட்டும். அதுவும் சைஸ் பிழை.

மனுசி ஓடாதை எண்டு சொல்லேல்லை. ஒருத்தரும் காணக்கூடாது எண்டுதான் சொன்னா. மகளுக்குக் கலியாணம் எங்கையும் பேசேல்லை, அவள் கேக்கவும் இல்லை. ஆனா நாளைக்குப் பேசப்போற ஆக்கள் இண்டைக்கே எங்கையோ ஒரு யன்னலாலை பாத்துக்கொண்டு நிக்கினம் எண்டது மனுசியின்ரை அசையாத நம்பிக்கை. அதாலை அந்தச் சைக்கிள் எங்கடை புளொக்கின்ரை நிலக்கீழ் கராஜிலை படுக்கை விரிப்பைப் போத்திக்கொண்டு கிடந்திச்சு, ஏதோ செத்தவீடு மாதிரி.

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சைக்கிளை ஒரு வீட்டுக்குள்ளை வைச்சு இழுத்துக்கொண்டு போனா, பாக்கிற சனத்துக்கு அது வீடுதானே! மனுசி என்னை அபூர்வமா ஒரு மரியாதையோடை பாத்தா. அந்தப் பார்வை ஒரு மாதம் மட்டிலை நிண்டிச்சு.

உந்தச் சைசிலை பெட்டி இழுக்க இஞ்சை தனி லைசன்ஸ் எடுக்கவேணும். அது எனக்குப் பிரச்சினையா இருக்கேல்லை. நான் பெரிய ஆஸ்பத்திரி ஒண்டிலை கட்டில் தள்ளுறவன். லிப்டுக்குள்ளை நோயாளியோடை கட்டிலைப் பின்பக்கமா ஏத்தி இறக்கின கைக்கு, வோன்வாகனைப் பின்னுக்கு எடுக்கிறது பெரிய வித்தை இல்லை. சோதினை எடுத்தவர்கூடப் பாராட்டினவர். அந்தப் பாராட்டுத்தான் என்னைக் கெடுத்தது. பின்னுக்கு எடுக்கத் தெரிஞ்சவனுக்கு ரிப்பேரும் தெரியும் எண்டு நினைச்சிட்டன்.

ஓஸ்டர்முண்டிகனுக்கு வெளியிலை ஒரு விவசாயியின்ரை வைக்கோல் கொட்டிலிலை பெட்டியை நிப்பாட்ட இடம் எடுத்தன். முதல் நாளே பின்கதவடியிலை நிலப்பலகையை ஸ்க்ரூட்ரைவராலை குத்திப் பாத்தன். அது புட்டுக்குள்ளை போறமாதிரிப் போச்சுது. மழைத்தண்ணி ஊறி, பலகை உக்கிப்போய்க் கிடந்திச்சு. நான் வீடியோ பாத்தன். தாடி வைச்ச அமெரிக்காக்காரர் எல்லாரும் இது ஒரு மத்தியானச் சோலி எண்டுதான் சொல்லுகினம். அவையின்ரை மத்தியானம் எவ்வளவு நீளமோ தெரியாது, எனக்கு ஒரு வசந்தகாலம் முழுக்கப் போச்சுது. உக்கினதை வெட்டி எடுத்து, புதுப்பலகை போட்டு, ஒரு பொட்டு ஈரமும் இனி வரக்கூடாது எண்டு கண்ணிலை பட்ட ஓட்டை எல்லாத்தையும் கறுப்புப் பசையாலை அடைச்சன். அடுத்த மழைக்கு உள்ளை ஒரு சின்னக் குளம். மகள் வந்து படுத்துக்கொண்டு அடியிலை பாத்திட்டு, தண்ணி வெளியிலை போறதுக்கெண்டு விட்ட ஓட்டையளையும் நான் சேத்து அடைச்சுப்போட்டன் எண்டு சொன்னாள். கோவிக்கேல்லை. வயதுபோனவையோடை வேலை செய்யிற பொறுமை அவளுக்கு.

அவள் நிலத்திலை நாலு இரும்பு வளையம் பூட்டினாள், சைக்கிளை இறுக்கிக் கட்டிறதுக்கு. அந்தப் பெட்டியிலை ஒழுங்கா நடந்த வேலை அது ஒண்டுதான்.

பிறகு மச்சான் வந்தார். மச்சான் எண்டது மனுசியின்ரை தமையன். கோயிலிலை அன்னதானப் பொறுப்பு அவர்தான். சோறு கறி காய்ச்சுற பெரிய கோயில் கிடாரங்களுக்கும் அவர்தான் பொறுப்பு, சனத்தின்ரை வாய்க்கும் அவர்தான் பொறுப்பு. ஊரிலை ஒரு கதை அவருக்குத் தெரியாமல் நடந்தா அது நடந்ததா அவர் எடுக்கிறேல்லை. என்ரை மனுசி பயந்துகொண்டிருந்த அந்த யன்னலுக்கு ஒரு முகம் வைச்சா, அது மச்சான்ரை முகம்தான்.

நான் கொட்டிலிலை நிக்கேக்கை அறிவிக்காமல் வந்திட்டார். நல்லகாலம், சைக்கிள் அண்டைக்குச் சேவிசுக்குப் போயிருந்தது. பெட்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தார். பின்கதவு இறங்கிறதைப் பாத்த உடனை அவரின்ரை கண் விரிஞ்சுது.

"ஹொலிடேக்கு ஏன் மச்சான் இவ்வளவு பெரிய கதவு?"

"காத்து வரும்," எண்டு சொன்னன்.

"கிடாரமும் வரும்," எண்டார்.

அவ்வளவுதான், முடிஞ்சுது. அடுத்த அன்னதானத்துக்குக் கிடாரம் ஏத்தப் பெட்டியைக் கேட்டார். இல்லை எண்டு சொல்ல ஒரு காரணம் வேணும். என்னட்டை இருந்தது ஒரே ஒரு காரணம், அதைத்தான் சொல்லேலாது. மச்சானிட்டையும் அந்த லைசன்ஸ் இருந்தபடியா, ஓடத் தெரியாது எண்டும் தட்டிக்கழிக்க முடியேல்லை. ஒவ்வொரு முறையும் சைக்கிளை இறக்கி வைக்கோலுக்குப் பின்னாலை ஒளிச்சுவைச்சிட்டுத் திறப்பைக் குடுப்பன். கோயில் வேலை சனியோடை முடிஞ்சாலும் பெட்டி திரும்பி வர ஞாயிறும் இழுபடும். அந்த ஞாயிறுகளிலை மகளுக்குப் பயிற்சி இல்லை. அவள் என்னை ஒண்டும் கேக்கேல்லை. ரெண்டு சத்தம் போட்டிருந்தாளெண்டா எனக்குக் கொஞ்சம் சுகமா இருந்திருக்கும்.

கேட்டு வாங்கினதோடை நிண்டிருந்தாலும் பறவாயில்லை. மச்சான் பெட்டியைத் திருத்தவும் வெளிக்கிட்டார். கிடாரம் உருளாமல் இருக்கப் பின்பக்கச் சுவருகளிலை இரும்புத் தட்டு அடிச்சார். தண்ணி ட்ரம் ஒண்டு வைச்சார். கடைசியாக் கோயிலின்ரை பெரிய காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, அதை எங்கை பூட்டிறதெண்டு ஃபோனிலை திசை பாத்தார். அடுப்பு அக்கினி மூலையிலை இருக்கவேணுமாம், தென்கிழக்கு. கொட்டிலிலை பெட்டியின்ரை மூக்கு, காரிலை கொளுவுற நுனி, வடக்குப் பக்கம். அதாலை அக்கினி மூலை எண்டது பின்கதவடி வலது மூலை. நான் கேட்டன், ரவுண்டபவுட்டிலை திரும்பேக்கை அக்கினி மூலையும் சேந்து திரும்புமே எண்டு. மச்சான் கொஞ்சம் யோசிச்சார்.

"ஓடேக்கை ஆர் சமைக்கிறது? நிப்பாட்டேக்கை பாத்து நிப்பாட்டும்."

சாத்திரத்துக்கும் கார்பார்க்கிங்குக்கும் இப்பிடி ஒரு சம்பந்தத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனா எதிர்த்துக் கதைக்கேல்லை. நாலு ஆணியோடை அடுப்பு ஏறிச்சுது, பக்கத்திலை ஒரு ஆள் உயரத்துக்குக் காஸ் சிலிண்டர்.

மச்சானை மட்டும் சொல்லக்கூடாது. என்ரை பங்கும் இருக்கு. வெறும் பெட்டியின்ரை மூக்கு சரியான பாரம், காரிலை கொளுவ முன்னம் அதைத் தூக்கி இறக்க என்ரை நாரி கதைக்கும். அதாலை முன்னுக்கு இருந்த மேலதிக ரயர், பற்றறி, ஸ்பானர் போட்ட ஆயுதப்பெட்டி எல்லாத்தையும் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினன். தூக்கிப் பாத்தா என்ன லேசு! பெருமையிலை வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினன். சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தவள், "முன்னுக்கு ஏன் பாரமா இருந்ததெண்டு யோசிச்சனீங்களோ அப்பா?" எண்டு எழுதினாள். நான் பெருவிரல் படம் ஒண்டு அனுப்பிவிட்டன்.

சோதினை முடிஞ்சுது, முதல் போட்டி வந்தது. லோசான் பக்கத்திலை, ஜூரா மலையடியிலை. புதுசா ஓடுறவைக்கு வருசத்திலை அந்த ஒரு போட்டிதான். காலமை பதிவு மூடமுன்னம் போய்ச் சேரவேணும், பிந்தினா அடுத்த வருசம்தான். மகள் நம்பரை ஒட்டிப்போட்டு, அந்த நம்பரை அடிக்கடி போய்ப் பாத்துக்கொண்டு திரிஞ்சாள். மனுசியும் வாறன் எண்டா. காவலுக்கு வாறாவோ பாக்க வாறாவோ தெரியேல்லை, ஆனா விடியவே எழும்பிப் புட்டு அவிச்சா.

மச்சானிட்டைச் சனிக்கிழமை அன்னதானம் முடிஞ்ச கையோடை எல்லாத்தையும் இறக்கிப்போட்டுத்தான் பெட்டியைக் கொண்டுவந்து விடவேணும் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். ஞாயிறு காலமை கொட்டிலுக்குப் போய்ப் பின்கதவை இறக்கினா, தட்டு நிறையக் கிடாரம். அடுப்பு, சிலிண்டர், ட்ரம்மிலை பாதித் தண்ணி. ஃபோன் அடிச்சா மச்சான் எடுக்கேல்லை. அன்னம் போட்ட களைப்பு.

நான் சொன்னன், எல்லாத்தையும் கொட்டிலிலை இறக்கிப்போட்டுப் போவம் எண்டு. மனுசி விடேல்லை. கோயில் கிடாரத்தை மாட்டுக்கொட்டில் பக்கத்திலை வைக்கலாமோ எண்டா. மாடு தெய்வம்தானே எண்டன். மாடு தெய்வம்தான், ஆனா இந்தக் கொட்டில்காரன் அதைச் சாப்பிடுறவன் எண்டா. தெய்வத்துக்கும் மாட்டு ஸ்ரேக்குக்கும் நடுவிலை நிண்டு வாதாட நேரமில்லை. கிடாரங்களுக்கு நடுவாலை சைக்கிளை உருட்டி ஏத்தி, வளையங்களிலை கட்டிப்போட்டு வெளிக்கிட்டம்.

ஓட்டோபான் எண்ட வேகப்பாதையிலை ஏறின உடனையே ஸ்ரேறிங் ஒரு மாதிரி. பாரம் இழுக்கிற காரை ஓடுறமாதிரி இல்லை, பெடியளின்ரை காத்தாடியைப் பிடிச்சுக்கொண்டு ஓடுறமாதிரி. காரின்ரை பின்பக்கம் எழும்பிக்கொண்டு நிண்டிச்சு. நான் அதைப் பாராட்டிக்கூடச் சொன்னன், "பாத்தியளே, பாரமே தெரியேல்லை" எண்டு. பிறகு ஒரு இறக்கம் வந்தது. பெட்டி முதல் கொஞ்சம் இடுப்பை ஆட்டிச்சுது. பிறகு காரையும் சேத்து ஆட்டிச்சுது. கண்ணாடியிலை பாத்தா ஒரு பக்கம் பெட்டி, அடுத்த பக்கம் பெட்டி. உள்ளை கிடாரம் எல்லாம் தவில் கச்சேரி. மனுசி பின்சீற்றிலை இருந்து எனக்குத் தெரிஞ்ச அம்மன், தெரியாத அம்மன் எல்லாரையும் கூப்பிட்டா.

மகள் பக்கத்திலை இருந்து, நோயாளியோடை கதைக்கிற குரலிலை சொன்னாள்: "அப்பா, காஸ் மிதியிலை இருந்து காலை எடுங்கோ. ஸ்ரேறிங்கை நேராப் பிடியுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ."

வேறை ஒண்டும் செய்யாதேங்கோ எண்டது அந்த நேரத்துக்கு மட்டும் சொன்னதோ, பொதுவாச் சொன்னதோ எண்டு நான் பிறகும் கேக்கேல்லை. சொன்னதைச் செய்தன். ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கிச்சுது. அடுத்துவந்த வாகனம் நிப்பாட்டுற இடத்திலை ஒதுக்கினம்.

நான் இறங்கினன். மகள் காரிலை இருந்து பெட்டியைக் கழட்டி, மூக்கை ஒரு கையாலை பிடிச்சாள். சும்மா பிடிச்சதுதான், அது தன்ரை பாட்டுக்கு மேலை எழும்பிச்சுது. முழுப் பாரமும் சில்லுக்குப் பின்னாலை. அதுதான் அவள் அண்டைக்கு எழுதிக் கேட்ட கேள்வியின்ரை மறுமொழி. வாலிலை பாரம் கூடினா மூக்கு நிலத்தைப் பிடிக்காது, மோட்டச்சைக்கிளிலையும் இதுதான் நடக்கும் எண்டு சொன்னாள். அந்த மூலையிலை நிண்ட அடுப்பைப் பாத்தாள். நானே சொன்னன், அக்கினி மூலை எண்டு.

ட்ரம் தண்ணியைப் புல்லிலை ஊத்தினம். அடுப்பைக் கழட்டினம். ரயர், பற்றறி முன்னுக்குப் போச்சுது. கிடாரங்களை ஒவ்வொண்டாத் தூக்கி முன்னறைக் கட்டிலிலை அடுக்கினம். சிலிண்டரைச் சில்லுக்கு நேரை நிமித்தி நிப்பாட்டிக் கட்டினம். ஆகப்பெரிய கிடாரம் உள்கதவாலை போகேல்லை. அதைக் காரின்ரை பின்சீற்றிலை, மனுசி இருந்த இடத்துக்குப் பக்கத்திலை இருத்தி பெல்ட்டும் போட்டம். நிப்பாட்டியிருந்த லொறிக்காரர் ரெண்டு பேர் கோப்பி குடிச்சுக்கொண்டு கண்ணெடுக்காமல் பாத்தினம். அந்தக் காலமை அவைக்கு நல்ல பொழுதுபோக்கு.

பாதி வேலையிலை மச்சானே ஃபோன் அடிச்சார். மனுசி ஸ்பீக்கரிலை போட்டா. லோசானோடை ஒட்டின ரெனானிலை தனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளின்ரை மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடாம், கிடாரம் தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டாராம், மண்டபத்திலை பாத்துக்கொண்டு நிக்கினமாம். கொட்டிலிலை பெட்டியைக் காணேல்லை, எங்கை நிக்கிறியள் எண்டார். லோசான் றோட்டிலை எண்டு என்ரை வாய் சொல்லிப்போட்டுது. அப்ப நல்லதாப் போச்சு, நேரா ரெனானுக்கு விடும் மச்சான் எண்டார்.

நான் மகளைப் பாத்தன். பந்தயச் சப்பாத்தும் கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு கையிலை பெரிய அகப்பையோடை நிண்டாள். ரெனானுக்குப் போனா பதிவு மூடிப்போடும் எண்டது எங்கள் மூண்டு பேருக்கும் தெரியும். அவள் குரலைத் தாழ்த்தி, "போவம் அம்மா. அடுத்த வருசம் ஓடுறன். பிரச்சினை இல்லை," எண்டு சொன்னாள்.

எனக்கு வாயிலை ஒரு பொய் ரெடியா இருந்தது. ரயர் காத்துப் போட்டுது எண்டு சொல்லுவம் எண்டு இருந்தன். உண்மை சொல்லுற எண்ணம் எனக்கு அறவே இல்லை. மனுசிதான் ஃபோனைக் கையிலை எடுத்தா.

"அண்ணை, நாங்கள் ரெனானுக்கு வரேல்லை. பிள்ளைக்கு இண்டைக்கு மோட்டச்சைக்கிள் ரேஸ். இந்தப் பெட்டி அதுக்குத்தான் வாங்கினது. கிடாரத்தை நீங்கள் வந்து எடுங்கோ."

மச்சான் குரலைத் தணிச்சு, ஒரு பொம்பிளைப்பிள்ளையை, நாளைக்கு நாலு பேர், எண்டு தொடங்கினார். மனுசி முடிக்க விடேல்லை.

"சாமத்தியவீட்டிலை ஆட்டிறைச்சிதானே அண்ணை காய்ச்சுறது? கோயில் கிடாரத்திலையோ?"

மச்சான் அந்தக் கதையை அதோடை விட்டிட்டார். கடைசியா ரேஸ் நடக்கிற இடத்தின்ரை பேரைக் கேட்டார். மகள் சொன்னாள். நான் அகப்பையை வாங்கிக் கட்டிலிலை போட்டன். எனக்குச் செய்யக்கூடிய வேலை அதுதான் இருந்திச்சு.

மிச்சத் தூரம் பெட்டி மாடு மாதிரி அடக்கமா வந்தது. பதிவு மேசையிலை இருந்தவர் கோப்புகளை அடுக்கி எழும்பிற நேரம் மகள் ஓடிப்போய்க் கையெழுத்து வைச்சாள்.

மச்சான் ஒரு வானிலை வந்து சேந்தார். பட்டு வேட்டி, சந்தனம், காலிலை செருப்பு. முதல் நாள் மழை பெய்து மைதானம் முழுக்கச் சேறு. கிடாரங்களை நாங்கள்தான் ஏத்திவிட்டம். ரெனானிலை இருந்து ஃபோன் அடிச்சுக்கொண்டே இருந்தது. ஆனா மனுசன் போகேல்லை. வேட்டியை மடிச்சுக்கட்டிக்கொண்டு வேலிக் கயித்தடியிலை நிண்டார். எது எங்கடை பிள்ளை எண்டு கேட்டார். எல்லாரும் தலைக்கவசம், எல்லாரும் சேறு, எனக்கும் வடிவாத் தெரியேல்லை. குத்துமதிப்பா ஒண்டைக் காட்டினன். மச்சான் அதைப் பாத்துக் கைதட்டி, "விடாதை பிள்ளை" எண்டு கத்தினார். அது ஆரோ ஒரு சுவிஸ் பெடியன். அவன் நல்லா ஓடினான்.

எங்கடை பிள்ளை முதல் வளைவிலையே விழுந்திட்டாள். மனுசி என்ரை கையைப் பிடிச்ச பிடியிலை நகம் இறங்கிச்சுது. அவள் எழும்பி, சைக்கிளை நிமித்தி, திரும்ப உதைச்சு ஓடி, கடைசிக்கு முதல் ஆளா வந்தாள். கடைசி ஆளின்ரை சைக்கிள் பழுதாப்போனது எண்டதை நான் வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

தலைக்கவசத்தைக் கழட்டிக்கொண்டு வந்தவள் மாமனைக் கண்டு ஒரு கணம் நிண்டாள். மச்சானும் அவளை மேலையும் கீழையும் பாத்தார். "காயம் ஏதுமோ?" எண்டு கேட்டார். இல்லை மாமா எண்டாள். மனுசி ஒரு தட்டிலை புட்டைப் போட்டு மகளிட்டைக் குடுத்தா, பிறகு தமையனுக்கும் ஒண்டு போட்டா. மூண்டு பேரும் இறக்கின பின்கதவிலை வரிசையா இருந்து சாப்பிட்டினம். எனக்கு இடம் காணேல்லை.

பின்னேரம் ஆக முன்னமே ஊர் முழுக்கத் தெரிஞ்சிட்டுது. பரப்பினது மச்சான்தான், படத்தோடை. படத்திலை இருந்தது அந்தச் சுவிஸ் பெடியன். மனுசி பயந்த அந்த யன்னலுக்காரர் கனபேர் ஃபோன் எடுத்துக் கதைச்சினம். ரெண்டு பேர் பிள்ளையைக் கண்டிக்கச் சொன்னவை. மற்றவை எல்லாரும் பெட்டி எவ்வளவு பாரம் தாங்கும், தாங்கள் வீடு மாறேக்கை ஒருக்காத் தருவியளோ எண்டுதான் கேட்டவை.

அதெல்லாம் பிறகு. அண்டைக்குச் சாப்பிட்டுக் கைகழுவினாப் பிறகு, மச்சான் வானிலை ஏற முன்னம் என்னட்டை வந்தார். வாற சனி தூண் எண்ட ஊரிலை ஒரு கலியாணவீடு, மணவறை ஏத்தவேணும், அடுப்பும் தட்டும் இல்லாட்டிலும் பறவாயில்லை, வெறும் பெட்டி போதும் எண்டார்.

நான் வாயைத் திறந்தன். மனுசி புட்டுச் சட்டியை மூடிக்கொண்டே, திரும்பிப் பாக்காமல் சொன்னா:

"இனிச் சனியும் பிள்ளைக்குப் பயிற்சி, அண்ணை."

மச்சான் என்னைப் பாத்தார். நான் ரயருக்குக் காத்துக் காணுமோ எண்டு பாக்கிறமாதிரிக் குனிஞ்சன்.